ஆகஸ்டா நேஷனல்: கொடியிலிருந்து பின்னோக்கிப் படிக்க ஒரு வழிகாட்டி

மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை முதன்முதலாகப் பார்க்க உட்காருகிறவர் கண்ணில் பூதான் படும். அசேலியாப் புதர்கள், வெள்ளை வெளேரென்ற மணல், ஒரு புல் கூட எழும்பி நிற்காத பச்சை. யாரோ ஒருவர் பந்தை அடிக்கிறார், அது ஓடையில் விழுகிறது, கூட்டம் 'அடடா' என்கிறது. பக்கத்தில் அத்தனை இடம் காலியாகக் கிடந்ததே, ஏன் அங்கே அடித்தார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. எனக்கு முதல் சில வருடங்கள் அப்படித்தான் போயின. அழகாக இருக்கிறது என்று மட்டும் தெரியும், என்ன நடக்கிறது என்று தெரியாது.

அந்தப் போட்டி வருடாவருடம் நடக்கும் மைதானம்தான் ஆகஸ்டா நேஷனல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆகஸ்டா ஊரில் இருக்கும் இந்த மைதானத்தில் உறுப்பினர்களும் அவர்கள் அழைத்து வரும் விருந்தாளிகளும்தான் விளையாட முடியும். விண்ணப்பம் போட்டு உறுப்பினராகவும் வழியில்லை. அவர்களாகக் கூப்பிட வேண்டும். ஆனால் படிக்கலாம். வருடத்துக்கு ஒரு வாரம் மொத்த மைதானமும் நம் திரையில் விரிகிறது. அந்த வாரத்தில் எதை, எந்த வரிசையில் பார்த்தால் மைதானம் பேச ஆரம்பிக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கோல்ஃபே புதிது என்றால் சில சொற்கள் மட்டும் போதும். முதல் அடியை அடிக்கும் மேடை டீ. நடுவில் ஒட்ட வெட்டிய புல்வெளி ஃபேர்வே. கொடி நட்டிருக்கும் வழவழப்பான பரப்பு கிரீன். மணல் பள்ளம் பங்கர். டீயிலிருந்து கிரீன் வரை சேர்ந்தது ஒரு ஹோல். பந்து விழும் இடத்தைக் குழி என்றே சொல்கிறேன், குழப்பம் வராது. ஒரு ஹோலுக்கு இத்தனை அடி என்று வைத்த கணக்கு பார். அதில் ஒன்று குறைத்தால் பர்டி, ஒன்று கூடினால் போகி. தூரத்தை கெஜத்தில் சொல்வார்கள். ஒரு கெஜம் மூன்று அடி. உயரம், தூரம் சொல்லும்போது வரும் அடி இந்த நீள அளவு; ஆட்டக் கணக்கில் வரும் அடி, பந்தை அடித்த எண்ணிக்கை.

முதல் படி: மேடு பள்ளத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

தொலைக்காட்சி இந்த மைதானத்துக்குச் செய்யும் பெரிய அநியாயம், அதைத் தட்டையாக்கிவிடுவது. நேரில் போய் வந்தவர்கள் முதலில் சொல்வது பூவைப் பற்றி அல்ல, மேட்டைப் பற்றி. மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் ஏறக்குறைய 175 அடி வித்தியாசம். கிளப் கட்டடம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து நிலம் சரிந்து சரிந்து ரே ஓடையில் போய் முடிகிறது. 12ஆவது கிரீன் இருப்பது அந்த ஓடைக்கரையில்.

பத்தாவது ஹோலில் டீயிலிருந்து கிரீனுக்குள் நூறு அடிக்கு மேல் இறங்க வேண்டும். பதினெட்டாவதில் அந்தக் கணக்கு திருப்பி வசூலிக்கப்படும். மேட்டில் ஏறிக்கொண்டே அடிக்க வேண்டும். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, மேலே 'கிளப் கட்டடம்', கீழே 'ஓடை' என்று எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். ஆட்டக்காரர் நிற்கும் இடத்தில் ஓடை எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீனில் பந்து கண்ணுக்குத் தெரியாத சரிவில் திரும்புவதாகத் தோன்றினால், பெரும்பாலும் அது ஓடைப் பக்கம்தான் திரும்பியிருக்கும். இங்கே வளர்ந்த கேடிகள், அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து யோசனை சொல்கிறவர்கள், காலங்காலமாகச் சொல்லி வந்த பாடம் இது.

சரிவு என்றால் பந்து உருள்வது மட்டுமல்ல. ஆட்டக்காரரின் கால் சமதளத்தில் இருக்காது. பந்து காலை விட உயரத்தில் இருந்தால் வலக்கைக்காரர் அடிப்பது இடப்பக்கம் வளையப் பார்க்கும். தாழ்வில் இருந்தால் வலப்பக்கம். ஆகவே ஃபேர்வேயில் ஒருவர் தயங்கித் தயங்கி நின்றால் அவருடைய பாதத்தைப் பாருங்கள். தயக்கத்தின் காரணம் அங்கே இருக்கும்.

இரண்டாவது படி: இரண்டு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாபி ஜோன்ஸ் 1930இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓப்பன் (எல்லோருக்கும்), அமெச்சூர் (பணத்துக்கு ஆடாதவர்களுக்கு) என நான்கு பட்டங்களையும் ஒரே வருடத்தில் வென்றார். அப்போது அவருக்கு வயது 28. அதோடு போட்டிகளிலிருந்து விலகினார். கூட்டம் தொந்தரவு செய்யாமல் நண்பர்களோடு ஆட ஒரு மைதானம் வேண்டும் என்று தேடியபோது, கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் என்ற நியூயார்க் நிதித்துறைக்காரரின் துணையோடு கிடைத்தது இந்த 365 ஏக்கர். ஒரு காலத்தில் அவுரித் தோட்டம். பிறகு பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பம் அங்கே ஃப்ரூட்லேண்ட் என்ற நாற்றுப்பண்ணையை நடத்தியது. நுழைவுச் சாலையின் இருபுறமும் நிற்கும் 61 மேக்னோலியா மரங்கள் அந்தக் காலத்தில் விதை போட்டு வளர்த்தவை. கிளப் கட்டடமும் 1854இல் கட்டிய தோட்ட வீடுதான். ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு செடியின் பெயர் இருப்பது இந்த வேரிலிருந்து வந்தது: பத்தாவது கமேலியா, பன்னிரண்டாவது கோல்டன் பெல், பதின்மூன்றாவது அசேலியா.

மைதானத்தை வரைந்தவர் டாக்டர் அலிஸ்டர் மெக்கென்சி. உண்மையிலேயே மருத்துவர். தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பணியாற்றியபோது, போயர் படையினர் பள்ளத்தையும் மேட்டையும் வைத்தே தங்களை மறைத்துக்கொண்டதை உன்னிப்பாகப் பார்த்தவர். உருமறைப்புக் கலையைப் பிறகு மைதானத்துக்குக் கொண்டு வந்தார். ஒரு பங்கர் கிரீனை ஒட்டி இருப்பது போலத் தோன்றும். கிட்டப் போனால் நடுவே இருபது கெஜம் கிடக்கும். கண் சொல்வதும் நிலம் சொல்வதும் வேறாக இருக்கும். கலிபோர்னியாவில் சைப்ரஸ் பாயின்ட், ஆஸ்திரேலியாவில் ராயல் மெல்போர்ன் இரண்டும் அவர் கைவண்ணம். 1929இல் அமெரிக்க அமெச்சூர் போட்டியின் முதல் சுற்றிலேயே ஜோன்ஸ் எதிர்பாராமல் தோற்றார். கையில் நாள் மிச்சமிருந்ததால் சைப்ரஸ் பாயின்ட்டில் ஆடிப் பார்த்தார். மெக்கென்சியின் வேலை அவர் மனதில் பதிந்த இடம் அது.

இருவருக்கும் பொதுவான காதல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம். அங்கே ஃபேர்வே அகலம் அகலமாக இருக்கும், எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் சரியான பக்கத்தில் அடித்தவருக்குத்தான் அடுத்த அடி எளிது. தவறு செய்தவரைக் காட்டுக்குள் தள்ளித் தண்டிப்பதை விட, சிந்தித்தவருக்குச் சலுகை தருவது மேல் என்பது அவர்கள் கொள்கை. கட்டுமானம் நடக்கும்போதே ஜோன்ஸ் அங்கே நின்று பந்தடித்துப் பார்த்தார். மெக்கென்சி தன் சார்பில் மைதானத்தைப் பார்த்துவர மெரியன் ஹாலின்ஸை அனுப்பினார். 1921இல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டம் வென்றவர் அவர். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. மெக்கென்சிக்குப் பேசிய தொகையில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. 1934 ஜனவரியில் அவர் இறந்தார். முதல் போட்டி நடந்தது அந்த வருடம் மார்ச்சில். முழுதாக முடிந்த தன் மைதானத்தில் ஒருமுறை நடக்கக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதை நினைக்காமல் என்னால் அந்தப் பச்சையைப் பார்க்க முடிவதில்லை.

மூன்றாவது படி: கொடியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் டீயில் தொடங்கிக் கொடியில் முடிகிறது. ஆகஸ்டாவில் யோசனை கொடியில் தொடங்கி டீயில் முடிகிறது.

மூன்றாவது ஹோலை எடுத்துக்கொள்வோம். நீளம் 350 கெஜம். இங்குள்ள பார் நான்குகளில் இதுதான் குட்டி. இன்றைய ஆட்டக்காரர்கள் டிரைவரால், அதாவது அதிகத் தூரம் அடிக்கும் பெரிய மட்டையால், ஓங்கி அடித்தால் பந்து கிரீனுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். அப்படியிருந்தும் பலர் டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு, சின்ன மட்டையால் அடித்துவிட்டு நடப்பார்கள். பயமா? இல்லை. கொடியைப் பாருங்கள். கிரீன் வலப்பக்கம் விரிந்து, இடப்பக்கம் ஒரு நாக்கு போல ஒடுங்குகிறது. கொடி அந்த நாக்கில் இருந்தால் என்ன ஆகும்? முன்னால் செங்குத்தான சரிவு, ஒரு கெஜம் குறைந்தாலும் பந்து கீழே உருண்டு வரும். கொஞ்சம் கூடினால் பின்னால் தாண்டிப் போகும். அந்த நாக்கில் பந்து நிற்க வேண்டுமானால் மேலிருந்து செங்குத்தாக விழ வேண்டும், விழுந்த இடத்தில் சுழன்று பிடிக்க வேண்டும். அந்தச் சுழற்சிக்கு, பந்தை உயரே தூக்கும் வெட்ஜ் மட்டையை முழுசாக வீச வேண்டும். அரைகுறை வீச்சில் அது வராது. முழு வீச்சுக்கு ஏறக்குறைய நூறு கெஜம் தள்ளி நிற்க வேண்டும். ஆகவே டீயில் டிரைவர் வேண்டாம்.

கொடி இடத்தைத் தீர்மானித்தது, இடம் வீச்சை, வீச்சு தூரத்தை, தூரம் டீயில் எடுக்கும் மட்டையை. மறுநாள் கொடி வலப்பக்க அகலத்துக்கு மாறினால், அதே ஆள் டிரைவரை எடுப்பார். ஹோல் மாறவில்லை, கேள்வி மாறிவிட்டது. ஒவ்வொரு ஹோலிலும் படம் கிரீனைக் காட்டும் கணத்தில் இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிக் கோத்துப் பாருங்கள். முதல் நாள் மூன்று ஹோல்களில் செய்தால் போதும், நான்காம் நாள் தன்னால் வரும்.

பங்கர்களை எண்ணினால் மொத்த மைதானத்துக்கும் 44தான். பதினான்காவது ஹோலில் ஒன்று கூடக் கிடையாது. ஆனால் பதினான்காவதில் யாரும் அலட்சியமாக அடிப்பதில்லை, ஏனென்றால் அந்தக் கிரீனே ஒரு அலை மாதிரி எழும்பி மடிந்து கிடக்கிறது. தவறான மடிப்பில் விழுந்த பந்து கிரீனை விட்டே வெளியேறும். ஒன்பதாவது கிரீனின் முன்பாகமும் அப்படியே. 1996 கடைசிச் சுற்றில் ஆறு அடி முன்னிலையோடு வந்த கிரெக் நார்மனின் பந்து அங்கே விழுந்து, நின்று, பின் மெதுவாகத் திரும்பிக் கீழே உருண்டது. அன்று அவர் நிக் ஃபால்டோவிடம் ஐந்து அடி வித்தியாசத்தில் தோற்றார். இங்கே காவல் காப்பது மணலோ தண்ணீரோ அல்ல, முதன்மையாகக் கிரீனின் வளைவு.

நான்காவது படி: பன்னிரண்டாவதில் நிதானமாக உட்காருங்கள்

155 கெஜம். மைதானத்திலேயே மிகக் குட்டி ஹோல். தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது அயர்ன் என்ற இரும்பு மட்டைகளில் சின்னது ஒன்றால் எட்டும் தூரம், தூக்கத்தில் எழுப்பி அடிக்கச் சொன்னாலும் அடிப்பார். பிறகேன் பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே மூழ்கின?

கிரீனின் கோணத்தைப் பாருங்கள். அது டீக்கு நேர் குறுக்கே இல்லை, சாய்வாகக் கிடக்கிறது. இடப்பக்க முனை கிட்டே, வலப்பக்க முனை தூரத்தே. முன்னிருந்து பின்வரை ஆழம் மிகக் குறைவு. முன்னால் ரே ஓடை, அதன் கரைப் புல் ஒட்ட வெட்டியது. அதில் விழுந்த பந்து நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கும். கிரீனின் முன்புறம் நடுவில் ஒரு பங்கர். பின்னால் இரண்டு பங்கர்கள், அதற்கும் பின்னால் பூப்புதர்.

இனி தவறு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வலக்கைக்காரர் பந்தை வலப்பக்கம் தள்ளிவிட்டால், மட்டையின் முகம் திறந்துகொண்டிருக்கும். பந்து உயரே போய்த் தூரம் குறையும். இடப்பக்கம் இழுத்துவிட்டால் முகம் மூடிக்கொண்டிருக்கும். பந்து தாழப் பறந்து தூரம் கூடும். கிரீனோ வலப்பக்கம் அதிகத் தூரம் கேட்கிறது, இடப்பக்கம் குறைவாகக் கேட்கிறது. அவருடைய இயல்பான தவறுக்கு நேர் எதிராக நிலம் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் தவறினால் ஓடை, இடப்பக்கம் தவறினால் பின்புறப் புதர். இடக்கைக்காரருக்கு இதே கணக்கு தலைகீழ்; அவருடைய தவறுகள் கிரீனின் சாய்வோடு ஒத்துப்போகும். 2003 முதல் 2014 வரை நடந்த 12 மாஸ்டர்ஸில் 6 பட்டங்களை இடக்கைக்காரர்கள் வென்றார்கள்: மைக் வியர் ஒன்று, ஃபில் மிக்கல்சன் மூன்று, பப்பா வாட்சன் இரண்டு. ஒரே ஹோலால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கோணத்தை அறிந்த பிறகு அந்தப் பட்டியலை வேறு விதமாகத்தான் பார்க்க முடிகிறது.

இதோடு காற்று. மரங்கள் சூழ்ந்த பள்ளத்தில் காற்று எந்தப் பக்கம் என்று ஒரு நிலையில் நிற்காது. பக்கத்திலேயே இருக்கும் பதினோராவது கிரீனின் கொடி ஒரு திசையிலும் பன்னிரண்டாவது கொடி வேறு திசையிலும் ஆடும். ஆட்டக்காரர்கள் இரண்டையும், மரத்தின் உச்சிக் கிளைகளையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனியுங்கள்.

போட்டியின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை கொடியை வழக்கமாக வலப்பக்கம் வைப்பார்கள். 2016இல் ஜோர்டன் ஸ்பீத் முன்னிலையோடு வந்து, இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு, மூன்றில் முடிக்க வேண்டியதை ஏழில் முடித்தார். 2019இல் முன்னணியில் இருந்த ஃபிரான்செஸ்கோ மொலினாரியின் பந்தும், புரூக்ஸ் கெப்கா, டோனி ஃபினாவ் பந்துகளும் ஓடைக்குள் போயின. டைகர் உட்ஸ் கொடியைப் பார்க்கவே இல்லை. பங்கருக்கு மேல், கிரீனின் இடப்பக்கம் அடித்தார். அடுத்து கிரீனில் பந்தை உருட்டும் அடியான பட்: நீண்டது ஒன்று, சின்னது ஒன்று, மொத்தம் மூன்று. பார்க்கச் சாதாரணம். அந்த மாலை வெற்றியாளருக்கு அணிவிக்கும் பச்சைக் கோட்டு அவர் தோளில் ஏறியதற்கு அந்தச் சாதாரணமான மூன்று ஒரு முக்கியக் காரணம்.

பதினோராவதின் பின்பாதி, பன்னிரண்டு, பதின்மூன்றின் தொடக்கம் மூன்றையும் சேர்த்து ஆமென் கார்னர் என்பார்கள். 1958இல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்ற எழுத்தாளர் வைத்த பெயர்.

ஐந்தாவது படி: ஆசை காட்டும் ஹோல்களில் பாதத்தைப் பாருங்கள்

பதின்மூன்றும் பதினைந்தும் பார் ஐந்து. துணிந்தவர் இரண்டே அடியில் கிரீனை எட்டலாம். தண்ணீருக்குப் பயந்தவர் மூன்றாக்கிக்கொள்ளலாம். இரண்டும் தவறல்ல, இதுதான் அழகு.

பதின்மூன்றாவதில் ஃபேர்வே இடப்பக்கம் வளைகிறது, அந்த வளைவை ஒட்டி ஓடையின் கிளை ஓடுகிறது. வலப்பக்கம் உயரம், இடப்பக்கம் தாழ்வு. ஓடையை ஒட்டி அடித்தவருக்குத் தூரமும் குறையும், காலும் ஏறக்குறைய சமதளத்தில் நிற்கும். பயந்து வலப்பக்கம் ஒதுங்கியவருக்குத் தூரம் கூடும், பந்து பாதத்தை விட உயரத்தில் கிடக்கும், அடுத்த அடி இடப்பக்கம் வளையப் பார்க்கும். கிரீனுக்கு முன்னாலும் வலப்பக்கமும் தண்ணீர். முதல் அடியில் தவிர்த்த அபாயம் இரண்டாவது அடியில் பெரிதாகி எதிரே வந்து நிற்கிறது. 2023இல் டீயைப் பின்தள்ளி 510 கெஜத்தை 545 ஆக்கினார்கள். அதற்கான இடம், பக்கத்துக் கிளப்பிடம் விலைக்கு வாங்கியது. ஒதுங்கி அடிப்பதும் பாதுகாப்பு அல்ல: 2025 கடைசிச் சுற்றில் ரோரி மெக்கல்ராய் இங்கே நிதானமாக இரண்டு அடி அடித்துவிட்டு, மூன்றாவதாக ஒரு சின்ன வெட்ஜ் அடியை ஓடையில் விட்டார். பிறகு பதினைந்தாவதில் மரத்தைச் சுற்றி வளைத்தடித்து மீண்டார், கூடுதல் ஆட்டத்தில் பட்டமும் வென்றார்.

பதினைந்தாவதில் கிரீனுக்கு முன்னால் குளம். தாண்டி அதிகமாகப் போனால் பதினாறாவதின் குளம் காத்திருக்கும். 1935இல் ஜீன் சாரசன் 235 கெஜத்திலிருந்து அடித்த இரண்டாவது அடி நேரே குழிக்குள் விழுந்தது இங்கேதான். இரண்டு வயதுப் போட்டி அந்த ஒரே அடியில் நாடறிந்ததாயிற்று.

பதினாறாவதுக்கு ஒரு வரி போதாது, இருந்தாலும் சுருக்கமாக: ஞாயிறு கொடி கீழே இடப்பக்கம், தண்ணீர்ப் பக்கம். பந்தைக் கொடிக்கு அடிக்கக் கூடாது, வலப்பக்க மேட்டில் போட வேண்டும். சரிவு அதைக் கொடிக்குக் கொண்டு வந்து சேர்க்கும். பந்து மேட்டில் விழுந்ததும் கூட்டம் எழுந்திருக்கும், அது உருண்டு வரும் வரை சத்தம் ஏறிக்கொண்டே போகும். 2005இல் உட்ஸ் கிரீனுக்கு வெளியிலிருந்து அடித்த சின்ன அடி இதே சரிவில் திரும்பி, குழி விளிம்பில் ஒரு கணம் நின்று, விழுந்தது.

ஆறாவது படி: எது பழையது, எது புதியது என்று பிரித்துப் பாருங்கள்

மெக்கென்சி விட்டுப்போன மைதானம் அப்படியே இல்லை. முதல் போட்டியில் இன்றைய பின் ஒன்பது ஹோல்களைத்தான் முதலில் ஆடினார்கள். ஓடைக்கரைத் தாழ்வில் காலை உறைபனி தாமதமாகக் கலைவதால் மறு வருடமே மாற்றினார்கள். தற்செயலாக நடந்த அந்த மாற்றம்தான் ஞாயிறு மாலையின் பரபரப்பை ஆமென் கார்னருக்குக் கொண்டு வந்தது. 1937இல் மைதான வடிவமைப்பாளர் பெர்ரி மேக்ஸ்வெல் பத்தாவது கிரீனைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நகர்த்தினார். 1947இல் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் என்ற இன்னொரு வடிவமைப்பாளர் (பாபி ஜோன்ஸ் அல்ல) பதினாறாவதைக் குளத்தோடு புதிதாக அமைத்தார். 1980 வாக்கில் கிரீன்களின் பெர்முடா புல் போய் பென்ட் புல் வந்தது, பந்து உருளும் வேகம் எகிறியது. 1997இல் 21 வயது உட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் வென்றதும், 2002இல் வடிவமைப்பாளர் டாம் ஃபாசியோவைக் கொண்டு ஒரேயடியாக 285 கெஜம் நீட்டினார்கள். 2025இல் மொத்தம் 7,555 கெஜம்.

பழையதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் சொல்கிறேன். பத்தாவதில் கிரீனுக்கு வெகு முன்னால், ஃபேர்வே நடுவில் ஒரு பெரிய பங்கர் விரல் விரலாக விரிந்து கிடக்கும். இன்றைய ஆட்டக்காரர் யாரும் அதில் விழுவது அபூர்வம், ஆட்டத்துக்கு அதனால் பயனே இல்லை. கிரீன் கீழே இருந்த காலத்தில் அதன் காவலாக மெக்கென்சி வைத்தது. கிரீன் மேலேறிப் போய்விட்டது. பங்கர் அங்கேயே இருந்துவிட்டது. அதன் விளிம்பின் நெளிவை மற்ற பங்கர்களின் உருண்டை விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு மனிதரின் கையெழுத்து தெரியும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நீட்டியது தவிர்க்க முடியாதது. பந்து போகும் தூரம் அப்படி மாறிவிட்டது. ஆனால் 1999இல் ஃபேர்வே ஓரத்தில் புல்லைச் சற்று வளரவிட்டதும், பிறகு சில இடங்களில் மரங்களை நட்டு நெருக்கியதும் பாபி ஜோன்ஸ் விரும்பிய அகலத்தைக் குறைத்தன. அகலம் இருந்தால்தான் எந்தப் பக்கம் அடிப்பது என்ற கேள்வி பிறக்கும். ஒடுக்கிவிட்டால் நேராக அடிப்பது ஒன்றே பதில்.

ஏழாவது படி: தரையின் ரகசியங்கள்

ஃபேர்வே புல்லைக் கிரீனிலிருந்து டீயை நோக்கி வெட்டுகிறார்கள். புல் ஆட்டக்காரரைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் பந்து உருளும் தூரம் குறைகிறது, கிரீன் ஓரத்தில் சின்ன அடிகள் கடினமாகின்றன. கிரீனுக்கு அடியில் குழாய்களும் காற்றாடியும் இருக்கின்றன. மழை பெய்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். வியாழன் மழையில் மெத்தையாக இருந்த கிரீன் சனிக்கிழமை கல்லாகிவிடுவது இதனால். பங்கரில் இருப்பது கடற்கரை மணல் அல்ல, வடக்கு கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் பகுதியிலிருந்து வரும் வெண்ணிறக் கல்மணல். கோடை முழுக்க மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள்.

எட்டாவது படி: கதவையும் பாருங்கள்

வடிவமைப்பை மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1975இல் லீ எல்டர் ஆடும் வரை மாஸ்டர்ஸில் கறுப்பினத்தவர் ஒருவரும் ஆடியதில்லை. ஆனால் பைகளைச் சுமந்து, ஒவ்வொரு சரிவையும் ஆட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஊர்க் கறுப்பினக் கேடிகள். 1982 வரை ஆட்டக்காரர்கள் கிளப் கேடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. முதல் கறுப்பின உறுப்பினர் 1990இல்தான் வந்தார். பெண்கள் 2012இல்: அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் கான்டலீசா ரைஸ், தொழிலதிபர் டார்லா மூர். மெக்கென்சி தன் சார்பில் ஒரு பெண்ணை அனுப்பி எண்பது வருடம் கழித்து. 2019 முதல் மகளிர் அமெச்சூர் போட்டியின் கடைசிச் சுற்று இங்கே நடக்கிறது. அதையும் பாருங்கள், ஆட்டக்காரர்கள் அடிக்கும் தூரம் குறைவாக இருப்பதால் கோணங்களின் அருமை அதில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எப்படிப் பார்ப்பது, எப்படிப் போவது

வீட்டிலிருந்தால் போட்டியின் இணையதளத்தையோ செயலியையோ திறந்துகொள்ளுங்கள். முக்கிய ஒளிபரப்பு ஆளுக்கு ஆள் தாவிக்கொண்டே இருக்கும், படிக்கிறவருக்கு அது உதவாது. ஆமென் கார்னரை மட்டும், பதினைந்து-பதினாறை மட்டும் காட்டும் தனி ஒளிபரப்புகள் உண்டு. ஒரே ஹோலில் இருபது பேர் வருவதைத் தொடர்ந்து பாருங்கள். ஆறாவது ஆளுக்கே அவர் என்ன மட்டை எடுப்பார் என்று நீங்கள் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

நேரில் போக ஆசை இருந்தால், நுழைவுச்சீட்டுக்கு முந்தைய வருடமே அதிகாரப்பூர்வ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் வந்தால் உண்டு, வராவிட்டால் அடுத்த வருடம். மற்ற இடங்களில் விற்பதை நம்பி வாங்கினால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது திங்கள் முதல் புதன் வரையான பயிற்சி நாள்கள். அப்போதுதான் கேமரா அனுமதி. கைப்பேசிக்கு எந்த நாளும் அனுமதியில்லை. பேச வேண்டுமானால் உள்ளே இலவசத் தொலைபேசிகள் வைத்திருக்கிறார்கள். ஓடக் கூடாது. மடக்கு நாற்காலியை ஓரிடத்தில் போட்டுவிட்டு மைதானம் முழுக்கச் சுற்றிவிட்டு வரலாம், உங்கள் இடம் உங்களுக்கே இருக்கும். பிமென்டோ சீஸ் சாண்ட்விச் ஒன்றரை டாலர்.

உள்ளே நுழைந்ததும் பூவுக்குப் போகாதீர்கள். பத்தாவது டீயின் பக்கம் நின்று கீழே பாருங்கள், பிறகு அந்தச் சரிவில் ஃபேர்வே ஓரமாகவே இறங்குங்கள். மெக்கென்சியின் பங்கரிடம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அப்படியே கீழே போனால் பன்னிரண்டாவது டீயின் பின்னால் உட்கார இடமிருக்கும். கிரீனுக்குப் பார்வையாளரை விடுவதில்லை, ஆனால் அந்தச் சாய்வு அங்கிருந்து நன்றாகத் தெரியும். பதினாறில் பயிற்சி நாளன்று ஆட்டக்காரர்கள் தண்ணீர் மேல் பந்தைத் தத்தவிட்டுக் கிரீனில் ஏற்றி விளையாடுவார்கள். கூட்டம் கேட்டுக்கொண்டே இருக்கும், அவர்களும் மறுக்க மாட்டார்கள். கடைசியாகப் பதினெட்டாவதின் ஓரமாக மேலே ஏறி வாருங்கள். பாதி தூரத்தில் கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கும். அங்கே நின்று திரும்பி, ஓடை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.